பழைய கல்யாண கேசட்டும் எஃப்எஃப்எம்பெக்கும்

பழைய கல்யாண வீடியோக்களை கேசட்டிலிருந்து மாற்றித் தருவதுதான் எங்கள் ஸ்டுடியோவில் இப்போது ஓயாத வேலை. அதற்கு நான் நம்பியிருப்பது எஃப்எஃப்எம்பெக். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றவும் சுருக்கவும் உதவும், 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இலவச மென்பொருள். பட்டன், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். அதைப் பார்த்தே ஒதுங்கிப் போகிறவர்கள் ஒருமுறை இதை முயன்று பார்க்க வேண்டும்.

ஹேண்டிகேமில் போடும் சின்ன மினி-டிவி கேசட் ஒரு மணி நேரம் ஓடினால் கம்ப்யூட்டரில் சுமார் 13 ஜிபி ஆகிவிடும். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவோ 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. எக்ஸ்264 என்ற சுருக்கும் கருவியில், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்ணை 20 என்று வைத்துச் சுருக்கினால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 23. எண்ணில் ஆறு கூட்டினால் ஃபைல் ஏறக்குறைய பாதி அளவுக்கு வந்துவிடும். அளவைக் குறைக்கிறேன் என்று 30-க்குப் போகாதீர்கள். மணப்பெண்ணின் பட்டுப்புடவை ஜரிகை முதலில் குழம்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கும், படத்தின் பிசிறை நீக்கும் யாடிஃப் ஃபில்டர். கேசட் படத்தில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நொடித் துளியிலும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த நொடித் துளியிலும் பதிவானவை. கம்ப்யூட்டரில் அப்படியே ஓட்டினால், அட்சதை போடும் கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். யாடிஃபை 1 என்று வைத்தால் 25 ஃப்ரேம் 50 ஆகிவிடும். பிசிறும் போய்விடும், அசைவும் கேமராவில் பார்த்த அதே வழவழப்போடு இருக்கும்.

அப்புறம், சுருக்கவே தேவையில்லாத இடங்கள். சில ஹேண்டிகேம்கள் பதிவு செய்யும் எம்டிஎஸ் வகை ஃபைலைப் பல போன்களில் ஓட்டினால் படம் வரும், சத்தம் வராது. உள்ளே இருக்கும் ஒலி ஏசி3 என்ற வகை என்பதுதான் காரணம். படத்துக்கு 'காப்பி' (மாற்றாமல் அப்படியே எடுத்து வைப்பது), ஒலிக்கு மட்டும் போன்களில் ஓடும் ஏஏசி வகை என்று கொடுத்தால் போதும். படத்தின் தரம் துளியும் குறையாமல் கொஞ்ச நேரத்தில் எம்பி4 தயார். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், புதியவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் அதில் படத்தை அப்படியே எடுத்து வைக்க வழியில்லை, மறுபடி சுருக்கியே தீரும். ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்கள் எனக்கு ஒத்துவராது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை முகம் தெரியாத சர்வரில் ஏற்ற எனக்கு மனம் வராது.

குறை இல்லாமல் இல்லை. கையேடு ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது போல இருக்கிறது. கட்டளையில் வரிசை மாறினால் அர்த்தமே மாறும்: நேரத்தைக் குறிக்கும் எஸ்எஸ்ஸை உள்ளீட்டு ஃபைலுக்கு முன் வைப்பது வேறு, பின் வைப்பது வேறு. 'காப்பி'யில் வெட்டும்போது நாம் கேட்ட நொடியில் சரியாக வெட்டாது, பக்கத்துக் கீஃப்ரேமுக்கு (முழுப் படமாகப் பதிவான ஃப்ரேமுக்கு) நகர்ந்துவிடும். தாலி கட்டும் இடத்தைத் துல்லியமாக வெட்ட வேண்டுமென்றால் அந்தத் துண்டை மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும்.

புதிய சுருக்கும் முறையான எச்.265-ல் ஃபைல் இன்னும் சிறிதாகும், ஆனால் பழைய டிவிகள் பல அதை ஓட்டாது. வாடிக்கையாளர் வீட்டு டிவி எது என்று கேட்காமல் நான் அதைக் கொடுப்பதில்லை.