டெஸ்ட் டேட்ட அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்ன டிரைவிங் ஸ்கூல்: என் ரிவ்யூ

டிரைவிங் ஸ்கூல் ரிவ்யூன்னு தேடுனா "மாஸ்டர் ரொம்ப பொறுமை, ஃபர்ஸ்ட் டைமே பாஸ்"னு ரெண்டு வரி எழுதிட்டு போயிடுறாங்க, அத வச்சு சேரலாமா வேணாமான்னு ஒண்ணும் பிடிபடாது, அதனால நான் கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். ஸ்கூல் பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டவும் போறேன்.

சேரப் போனதும் ஆபிஸ்ல கேட்ட முதல் கேள்வியே "டெஸ்ட் எப்ப குடுக்கணும்?" தான். க்ளட்ச் எந்தக் கால்ல இருக்குன்னே தெரியாத ஆளுகிட்ட இத கேட்டா என்ன சொல்றது. பேக்கேஜ்ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, இத்தனை க்ளாஸ் முடிஞ்சா டெஸ்ட், அவ்ளோதான். ஒருத்தருக்கு பத்தும், இன்னொருத்தருக்கு பாதிகூட பத்தாது, அதெல்லாம் அவங்க கணக்குல கெடையாது.

நல்லவேளை எனக்கு வந்த மாஸ்டர் வேற மாதிரி. "ஏம்மா, டேட்ட அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வண்டி நகரட்டும்"னுட்டார். அவர்கிட்ட ஒரு நோட்டு உண்டு. கியர், ரிவர்ஸ், ரவுண்டானா, மேட்டுல நிறுத்தி எடுக்குறது, லேன் மாறுறது எல்லாத்துக்கும் ஒவ்வொரு வரி, பக்கத்துல மூணு கட்டம்: சொல்லிக் குடுக்கணும், சொன்னா செய்றா, சொல்லாமலே செய்றா. டெஸ்ட்ல பக்கத்துல இருக்கறவர் எதையும் சொல்லித் தரப் போறதில்லல்ல, அதனால முக்கால்வாசி வரி மூணாவது கட்டத்துக்கு வந்து மிச்சம் ரெண்டாவதுல இருக்கும்போதுதான் புக் பண்ண சொல்வார். ஸ்லாட் கிடைக்க எவ்ளோ நாள் காத்திருக்கணும்னு முன்னாடியே விசாரிச்சு, அந்த இடைவெளியில மிச்சத்த முடிக்க முடியுமான்னு பாத்துதான் தேதி. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இவர சிபாரிசு பண்ணுவேன்.

க்ளட்ச் சொல்லிக் குடுத்த விதம் தனியா சொல்லணும். காலி கிரவுண்டுல கொண்டு போய் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர தொடவே கூடாதுன்னு சொல்லிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல க்ளட்ச மட்டும் இம்மி இம்மியா விட சொன்னார். ஒரு எடத்துல இன்ஜின் சத்தம் லேசா கம்மும், பானட் மூக்கு கொஞ்சம் தூக்கும், அங்கயே கால அப்படியே புடிச்சா வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். அதுதான் பைட்டிங் பாயிண்ட். அது கால்ல ஏறுற வரைக்கும் ரோட்டுக்கே கூட்டிட்டு போகல, ஆனா அப்புறம் டிராஃபிக்ல ஊர்ந்து போறதும் மேட்டுல பின்னாடி உருளாம எடுக்குறதும் பாதி பயம் போயிடுச்சு.

மிரர் விஷயத்துல மட்டும் மனுஷன் விடவே மாட்டார். "மிரர பாத்தியா, இல்ல மிரர் பக்கம் தலைய ஆட்டுனியா? பின்னாடி வந்த வண்டி என்ன கலர்?"னு டப்புன்னு கேப்பார். இதுபோக ப்ளைண்ட் ஸ்பாட்டுக்கு, அதாவது மிரர்ல தெரியாத எடத்துக்கு, தோளுக்கு மேல தலைய திருப்பி பாக்கணும். முன்னாடி வண்டிக்கு ரெண்டு செகண்ட் கேப், மழைன்னா நாலு. 50 கிமீ வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிடும், பிரேக் மேல கால் போறதுக்குள்ளயே அவ்ளோ தூரம் போயிடும், வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்குற தூரம் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும்னு ஓட்டிக்கிட்டே சொல்வார். கேக்கும்போது வயித்த கலக்கும்.

க்ளாஸ வாரத்துக்கு ரெண்டுன்னு பிரிச்சு போட்டார். ஆபிஸ்ல ஒரே வாரத்துல முடிக்கிற க்ராஷ் கோர்ஸ் ஒண்ணு விக்கிறாங்க, என் கருத்து வேணாம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டுனா புதுசா கத்துக்கறவங்களுக்கு மண்டை சூடாகி கை தானா தப்பு பண்ணும். அதே மாதிரி எல்லா க்ளாஸையும் ஒரே காலை நேரத்துல வாங்காதீங்க, ஒண்ணு ரெண்டு இருட்டுனதுக்கு அப்புறம், முடிஞ்சா ஒண்ணு மழையிலயும் கேட்டு வாங்குங்க. நடுவுல வீட்டு வண்டியில லைசென்ஸ் உள்ளவங்கள பக்கத்துல வச்சு ஓட்டலாம்னா ரொம்ப உதவும், ஆனா உங்க ஊர்ல அதுக்கு சட்டம் இடம் குடுக்குதா, இன்ஷூரன்ஸ் கவர் பண்ணுதான்னு பாத்துக்கோங்க.

கடைசியில மாக் டெஸ்ட். அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல, அதுலேர்ந்து கால எடுத்து சீட்டுக்கடியில மடக்கி வச்சிக்கிட்டு, எங்க திரும்பணும்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டார். அந்த அமைதிதான் உண்மையான டெஸ்ட விட பயம்.

இப்ப திட்டு. மாஸ்டர் லீவு போட்டா ஆபிஸ் அனுப்புற ஆள் க்ளாஸ் முழுக்க போன் பேசிக்கிட்டே, அவர் பக்க க்ளட்ச அவரே மிதிச்சிக்கிட்டு வர்றார், நாம ஓட்டுறோம்னு நெனப்போம், ஓட்டுறது அவர். அந்த மாதிரி ஆள் வந்தா க்ளாஸ தள்ளி வைக்க சொல்லுங்க, சண்ட போட்டாவது. டெஸ்ட் நெருங்குறப்ப வேற கார் அனுப்ப பாத்தாங்க, அதுவும் கூடாது, ஒவ்வொரு வண்டிக்கும் க்ளட்ச் புடிக்கிற எடம் மாறும், பழகுன கார்தான் வேணும்னு சேரும்போதே எழுதி வாங்கிடுங்க. க்ளாஸ் கேன்சல் பண்ணா காசு திரும்ப வருமா, டெஸ்ட் அன்னைக்கு ஓட்டிப் பாக்க ஒரு மணி நேரம் தருவாங்களான்னும் அப்பவே கேளுங்க, அப்புறம் கேட்டா மழுப்புவாங்க.

மாஸ்டருக்கு 5க்கு 5, ஆபிஸுக்கு 2 குடுக்கறதே ஜாஸ்தி. இவங்ககிட்ட இருக்கறது மேனுவல் கார் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் வேணும்கறவங்க வேற எடம் பாருங்க, ஆனா சில நாடுகள்ல ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணா மேனுவல் ஓட்ட அந்த லைசென்ஸ் செல்லாது, அத விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.