45 நாள் ஓடும் வண்டிக்கு 365 நாள் காப்புறுதி: ஒரு முகவர் சேவை பற்றிய மதிப்பீடு

அப்பா 1983இல் வாங்கிய வெஸ்பா பி.எக்ஸ். 150 வண்டியை, அவர் மறைந்த பிறகு ஒன்றரை ஆண்டு உழைத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன். இன்ஜினைக் கழற்றி கிராங்கையும் பிஸ்டனையும் மாற்றியது, கால் வைக்கும் தகட்டில் துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் பற்றவைத்தது, அசல் நிறத்தைத் தேடிப் பூசியது என எல்லா ரசீதுகளையும் கூட்டினால் 6,800 வெள்ளிக்குச் சற்று மேலே வருகிறது. வண்டியை, பழைய வாகனங்களை ஆண்டில் சில நாள்கள் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவு செய்ய முடிவெடுத்த பிறகு, அதற்கு ஏற்ற காப்புறுதியைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அணுகிய நிறுவனத்தின் இணையப் படிவம் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பிட்டதும் நின்றுவிட்டது. இரண்டாவது நிறுவனம் முழுமையான காப்புறுதிக்கு விலை சொன்னது. சந்தாவும் நியாயமாகவே இருந்தது. ஆனால் பாலிசியை வரி வரியாகப் படித்தபோது, வண்டி முற்றிலும் சேதமடைந்தாலோ திருடுபோனாலோ 'இழப்பு நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு' வழங்கப்படும் என்றிருந்தது. அந்த மதிப்பை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். பேசிய அதிகாரி, வண்டியின் வயதையும், இங்கே வாகனம் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழில் எஞ்சியிருக்கும் காலத்தையும் வைத்துக் கணக்கிடுவோம் என்றார்.

அன்றாடம் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளின் விலையில் பெரும்பங்கு வாகன உரிமைச் சான்றிதழைச் சார்ந்தது. அதோடு, 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை 2028 ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு இங்குள்ள சாலைகளில் ஓட்ட முடியாது என்பதால், சாதாரணப் பதிவிலுள்ள பழைய வண்டியின் சந்தை மதிப்பு அந்த நாளை நோக்கித் தேய்ந்துகொண்டேதான் போகும். கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவற்றுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அவற்றின் மதிப்பு அசல் பாகங்களிலும் வேலைப்பாட்டின் தரத்திலும் இருக்கிறது. வயதை மட்டும் பார்க்கும் கணக்கில் இதற்கு இடமே இல்லை. நாற்பது ஆண்டுப் பழைய ஸ்கூட்டர் என்று எழுதி ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டால், அதை எதிர்த்து வாதாட என்னிடம் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

ஒரு நண்பர் சொல்லித்தான் சிராங்கூன் சாலைக்கு அருகில் அலுவலகம் வைத்திருக்கும் காப்புறுதி முகவர் ஒருவரைச் சந்தித்தேன். இந்த மதிப்பீடு அவருடைய சேவையைப் பற்றியது. நான் சந்தா எவ்வளவு என்று தொடங்கியதும் அவர், "அண்ணே, முதலில் வண்டி எந்தத் திட்டத்தில் பதிவாகிறது, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள், விலையை அப்புறம் பேசலாம்" என்றார். அந்த இரண்டு கேள்விகளையும் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர் விளக்கியது இதுதான். கிளாசிக் திட்டத்தில் வண்டியைச் சாலையில் ஆண்டுக்கு 45 நாள்கள் வரை ஓட்டலாம். அப்படியானால் எஞ்சிய 320 நாள்களும் அது என் புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தில்தான் நிற்கப்போகிறது. சட்டம் கட்டாயமாக்குவது, விபத்தில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்குமான காப்புறுதியை மட்டுமே. பிறருக்கு மட்டுமான இந்த மூன்றாம் தரப்புப் பாலிசியோடு நின்றுவிட்டால் என் வண்டிக்கு ஒரு வெள்ளிகூடக் கிடைக்காது. தீயும் திருட்டும் சேர்ந்த பாலிசி எடுத்தாலும், பின்னோக்கி வரும் லாரி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனாலோ மழைக்காற்றில் கிளை முறிந்து விழுந்தாலோ பழுதுச் செலவு என்னுடையதுதான். நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்குத்தான் முழுமையான காப்புறுதி தேவை என்ற இந்த வாதம் முதலில் தலைகீழாகத் தோன்றினாலும், யோசித்துப் பார்த்தபோது மறுக்க முடியவில்லை.

பிறகு, 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற ஏற்பாட்டில் பாலிசி தர ஒரு நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். மதிப்பீட்டாளரின் அறிக்கை, எல்லாக் கோணங்களிலும் எடுத்த படங்கள், ரசீதுகள் ஆகியவற்றின் அடிப்படையில் தொகை முன்கூட்டியே முடிவாகிப் பாலிசியிலேயே எழுதப்படுகிறது. முழு இழப்பு நேர்ந்தால் அதே தொகை, எக்சஸ் (நானே ஏற்க வேண்டிய பங்கு) கழித்துக் கொடுக்கப்படும். இன்னும் இரண்டு வரிகளையும் அவர் கேட்டு வாங்கினார்: டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் தெரிந்த என் மெக்கானிக்கிடமே பழுதுபார்க்கும் உரிமை, முழு இழப்பு என்று அறிவித்தாலும் சிதைந்த வண்டியை நானே திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை. அப்பா ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்கு ஓட்டிச் சென்ற வண்டி இது; அதன் உடற்கூடு பழைய இரும்புக் கடைக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது என்பதால், இரண்டாவது வரி எனக்குத் தொகையைவிட முக்கியமாகப் பட்டது.

முகப்பு விளக்கையும் கார்புரேட்டரையும் மாற்றியிருப்பதை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னவரும் அவர்தான். தெரிந்த விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் தெரிவிக்காவிட்டால் பாலிசியிலிருந்து எதுவும் கிடைக்காமல் போகலாம் என்று விண்ணப்பப் படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாய்விட்டுப் படித்துக் காட்டிய முகவரை நான் அங்குதான் பார்த்தேன். விபத்து நேர்ந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. விலைப்புள்ளி கைக்கு வர பதினொரு நாள் ஆனது. இடையில் நானாக இரண்டு முறை அழைத்துத்தான் நிலவரம் தெரிந்துகொண்டேன். மதிப்பீட்டு அறிக்கைக்கான கட்டணம் தனி என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். சந்தா, இரண்டாவது நிறுவனம் கேட்டதைவிடக் கணிசமாக அதிகம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் கிடைக்கும் கோரிக்கையில்லாத் தள்ளுபடி மோட்டார்சைக்கிளுக்கு அதிகபட்சம் 20 விழுக்காடுதான்; அப்பா சேர்த்து வைத்திருந்ததும் என் பெயருக்கு மாறாததால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பல மோட்டார் பாலிசிகளில் மேற்கு மலேசியாவும் அடங்கியிருக்கும்; என் பாலிசி சிங்கப்பூர் எல்லையோடு நின்றுவிடுகிறது. இதையும் நான் படித்துத்தான் கண்டுபிடித்தேன், அவர் சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும், மறுசீரமைத்த வண்டி வைத்திருப்பவர்களை அவரிடம் தயங்காமல் அனுப்புவேன். ஒப்புக்கொண்ட மதிப்பு ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அடுத்த மாதம் புதுப்பிப்பதற்கு முன் புதிய படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கழற்றி வீட்டில் வைத்திருக்கும் அசல் கார்புரேட்டரையும் கருவிப்பெட்டியையும் பாலிசியில் சேர்க்க முடியுமா என்று இம்முறை அவரிடம் கேட்கப்போகிறேன்.