அகரவரிசையும் சார்ட் கட்டளையும்: எட்டு ஆண்டுப் பயன்பாடு

புதுச்சேரி லாசுப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே சிறு பதிப்பகங்களுக்குச் சொல்லடைவு (நூலின் சொற்களையும் அவை வரும் பக்க எண்களையும் தரும் பட்டியல்) தயாரித்துத் தரும் வேலையை எட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சொல்லும் பக்க எண்ணும் டேப் குறியால் பிரிக்கப்பட்டு வரிக்கு ஒன்றாக உரைக்கோப்பில் இருக்கும். அவ்வரிகளை முறைப்படி அடுக்குவதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளையையே தொடக்கம் முதல் நம்பியிருக்கிறேன்.

முதல் மாதத்திலேயே ஒரு கோப்பை இழந்தேன். அடுக்கிய வரிகளை அதே கோப்பிலேயே எழுதுவதாக எண்ணிக்கொண்டு, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் பெரிது என்னும் குறியை (>) இட்டு அதே கோப்பின் பெயரைக் கொடுத்தேன். சார்ட் ஓடத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும் என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை. இவ்வேலைக்கென்றே சார்ட்டில் இருக்கும் ‘-ஓ’ (-o) விருப்பமோ உள்ளீடு முழுவதையும் படித்து முடித்த பிறகே வெளியீட்டுக் கோப்பைத் திறக்கிறது.

குடியிருப்போர் சந்தாப் பட்டியலை வீதிவாரியாகவும் கதவு எண்வாரியாகவும் அடுக்கியபோது வேறொன்று கற்றேன். ‘-கே2’ (-k2) என்று மட்டும் எழுதினால் வரியின் இரண்டாம் புலத்திலிருந்து (டேப் குறிகளால் பிரிந்த இரண்டாம் பகுதி; இங்கே வீதி) வரியின் இறுதிவரை அனைத்தும் எழுத்து எழுத்தாக ஒப்பிடப்படும். அதனால் புஸ்ஸி வீதியில் 10ஆம் எண் 2ஆம் எண்ணுக்கு முன்னே வந்து நின்றது. ‘-கே2,2 -கே3,3என்’ (-k2,2 -k3,3n) என, முதலில் வீதியை மட்டும், பிறகு மூன்றாம் புலமான கதவு எண்ணை எண்ணாக ஒப்பிடும்படி எல்லை வகுத்த பின்னரே எண்கள் எண்களாக அடுக்கப்பட்டன.

ஆனால் என் தொழிலின் உண்மையான சிக்கல் தமிழின் அகரவரிசைதான். மொழிசார் வரிசை முறையைத் தீர்மானிக்கும் எல்சி-ஆல் (LC_ALL) என்ற சூழல் மாறிக்குச் ‘சி’ (C) என மதிப்பளித்துச் சார்ட்டை ஓட்டினால் எந்தக் கணினியிலும் ஒரே வரிசை கிடைக்கிறது. எனினும் அது, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் தரும் யூனிகோடு தரத்தின் எண் வரிசையே அன்றி நம் நெடுங்கணக்கு அன்று. யூனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் இருப்பதால், ‘வனம்’ என்ற சொல் ‘வயல்’ என்பதற்கு முன்பும், ‘வளம்’ என்பது ‘வழி’க்கு முன்பும் வந்துவிடும். புள்ளிக்கு உயிர்க்குறிகள் அனைத்தையும்விடப் பெரிய எண் தரப்பட்டிருப்பதால், அகராதியில் முந்தி வரவேண்டிய ‘கப்பல்’ ‘கபாலம்’ என்பதற்குப் பின்னே தள்ளப்படுகிறது. முதல் மெய்ப்பில் இதைக் கண்ட பதிப்பாசிரியர், நான் அகராதியைப் புரட்டியதே இல்லையோ என்று கேட்டார்.

தீர்வாகப் பெர்ல் என்ற நிரல்மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதினேன். உயிர்களுக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய்களுக்கு நெடுங்கணக்குப்படி 14 முதல் 31 என எண் கொடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் புள்ளிக்கு 00, அகரத்துக்கு 01, ஆகாரத்துக்கு 02 என மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்க்கிறேன். தனித்து நிற்கும் உயிருக்கும் ஆய்தத்துக்கும் 00 போதும். இவ்வெண்கோவையை வரியின் முன்னே ஒட்டி, சார்ட் வழியாகச் செலுத்தி, கட் கட்டளையால் அதை மீண்டும் வெட்டி எடுத்தால் பட்டியல் அகராதி வரிசையில் வந்துவிடும். உள்ளீடு யூடிஎஃப்-8 (யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று பெர்லுக்குச் சொல்ல மறந்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டுகளாகக் கருதி, ஒரு பொருத்தமும் இல்லாமல் கைவிரித்துவிடும். ஒகரக் குறியைச் சிலர் ஒற்றைக் குறியாகவும், சிலர் எகரக் குறியும் காலுமாகவும் தட்டச்சிடுவதால், அதை முதலில் ஒருமைப்படுத்துவதும் கட்டாயம். இல்லையேல் ‘கொடி’ இரு இடங்களில் முளைக்கும்.

 

கிரந்த எழுத்துகளில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஜகரத்தைச் சகரத்தின் பக்கத்தில் வைக்கச் சொல்வோரும், னகரத்துக்குப் பின் ஒதுக்கச் சொல்வோரும் உண்டு. அதனால் இருவருக்குமாக இரண்டு எண் அட்டவணைகளை வைத்திருக்கிறேன்; எந்த அட்டவணை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.