‘டெத்’ என்ற ஒரே சொல்லை வைத்து லாங்மன் அகராதியை எடை போட்டால்

“டெத் ஆயிட்டார்”, “ஒரு டெத்துக்குப் போகணும்” என்று தமிழில் நாள்தோறும் புழங்கும் சொல் இது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு. இறந்தவரைச் சொல்ல ‘டைடு’ வேண்டும். நாம் போவது ‘ஃபியூனரலு’க்கு. ஆங்கிலம் கற்க ஓர் அகராதியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். மரணம், சாவு, இறப்பு என்று மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்ளும் அகராதி, படிக்க உதவும், எழுத உதவாது.

லாங்மன் தற்கால ஆங்கில அகராதி 1978-இல் முதலில் வந்தது. இப்போது இணையத்தில் இலவசம். தமிழ்ப் பொருள் கிடையாது. ஆனால் சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதுவது அதன் வழக்கம் என்பதால், பள்ளி ஆங்கிலம் இருந்தாலே புரிந்துவிடும்.

இதன் அருமை தெரிவது ‘டு டெத்’ என்ற தொடரில்தான். ‘ஸ்டார்வ்டு டு டெத்’ என்றால் பட்டினியால் உண்மையிலேயே உயிர் போயிற்று. ‘போர்டு டு டெத்’ என்றால் தாங்க முடியாத சலிப்பு; யாரும் சாகவில்லை. “சிரிச்சே செத்தேன்” என்கிறோமே, அந்தச் ‘செத்தேன்’தான் அது. எப்படிப் பிரித்தறிவது? முன்னால் நிற்கும் வினையைப் பாருங்கள். பட்டினி, ரத்தப்போக்கு, அடி என உடலைத் தாக்குவதாக இருந்தால் பெரும்பாலும் நிஜச் சாவு. சலிப்பு, பயம், கவலை என மனதைச் சேர்ந்ததாக இருந்தால் மிகை. அகராதி இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. இதைக் கலந்துகட்டும் அகராதியைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். ‘டை ஆஃப்’ என்பதன் பின்னால் வருவது நோய் போன்ற காரணம்; ‘டெத் ஆஃப்’ என்பதன் பின்னால் வருவது பெரும்பாலும் இறந்தவர். இதனால்தான் ‘டெத் ஆஃப் கேன்சர்’ என்று எழுதினால் புற்றுநோயே செத்துப்போனது போலப் படுகிறது. காரணத்தைச் சொல்ல ‘டெத் ஃப்ரம் கேன்சர்’. விதத்தைச் சொல்ல ‘பை’: ‘டெத் பை டிரௌனிங்’, நீரில் மூழ்கிய சாவு.

உச்சரிப்புக்குச் சிவப்பு ஒலிப்பொத்தான் பிரிட்டிஷ், நீலம் அமெரிக்கன். கடைசி எழுத்தைக் கூர்ந்து கேளுங்கள்: நாக்கு நுனி பல்லிடுக்கில் நிற்க, காற்று மட்டும் கசியும். அது ‘ட்’ ஆகிவிட்டால் ‘டெட்’ (கடன்) என்ற வேறு சொல்லாகிவிடும்.

குறையும் உண்டு. ‘டெட்லி’, ‘டெத்லி’ இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ‘டெத்’ பக்கத்தோடு நின்றுவிடுபவர், கொல்லக்கூடியது ‘டெட்லி’, சாவு போன்றது ‘டெத்லி’ (மயான அமைதி ‘டெத்லி சைலன்ஸ்’) என்ற வேறுபாட்டைத் தவறவிடுவார். ‘டெத் ரோ’ (மரண தண்டனைக் கைதிகளின் சிறைப்பகுதி), ‘டெத் டோல்’ (இறந்தோர் எண்ணிக்கை) போன்ற கூட்டுச் சொற்களும் தனிப் பதிவுகளே.