பல்கலைக்கழகத்துக்கு முன் காதைப் பழக்க: சில ஆங்கில ஒலி, ஒளிப் பதிவுகள் பற்றிய மதிப்பீடு

பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கோ விஞ்ஞானம் கற்கச் செல்லும் மாணவர், முதல் விரிவுரையையே ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. இலக்கண விதிகளை டியூசன் வகுப்புகள் ஓரளவு கற்பித்துவிடுகின்றன. வேகமாகப் பேசப்படும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகாததே பெரிய குறை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்போருக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் பதிவுகளில் எவை பயன்படும் என்பதையே இங்கு பார்க்கிறேன்.

என் தெரிவில் முதலிடம் பி.பி.சி.யின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ நிகழ்ச்சிக்கு. வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் பணியை 1943 இலேயே தொடங்கிய நிறுவனத்தின் அனுபவம் இதன் அமைப்பில் தெரிகிறது. இரு அறிவிப்பாளர்கள் உணவு, உறக்கம், விண்வெளி என்று ஏதேனும் ஒரு விடயத்தைப் பற்றி உரையாடுகிறார்கள். தொடக்கத்தில் மூன்று விடைகளுடன் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, சரியான விடை இறுதியில்தான் சொல்லப்படுவதால் கேட்பவரின் கவனம் சிதறுவதில்லை. அறிவிப்பாளர்கள் நிதானமாகப் பேசினாலும், இடையில் ஒலிக்கும் துறைசார் அறிஞரின் செவ்வி தன் இயல்பான வேகத்திலேயே வருகிறது. அது முதல்முறை புரியாமற் போகலாம். ஆனால், அதிலுள்ள கடினமான சொற்களை அறிவிப்பாளர்கள் உடனேயே விளக்கிவிடுவதால், இரண்டாம் முறை கேட்கும்போது அதே பகுதி தெளிவாகிறது. இந்த நிகழ்ச்சியின் உண்மையான பலம் அந்தச் செவ்வித் துண்டுகளே. உரையாடலின் எழுத்து வடிவமும் கிடைக்கிறது, எனினும் அது சொல்லுக்குச் சொல் பதிவு அன்று என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். முதலில் அதை வாசித்துவிட்டுக் கேட்பவருக்குக் கண்தான் பயிற்சி பெறும், காது பெறாது.

பாட அறிவையும் சேர்த்து வளர்க்க விரும்புவோருக்கு, 2008 இல் நிறுவப்பட்ட, இணையத்தில் பாடக் காணொளிகளைத் தரும் கான் அக்கடமியைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. அங்கே ஆசிரியரின் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. கரும்பலகை போன்ற திரையில் எழுதிக்கொண்டே பேசுகிறார். ஒளித்தொகுப்பையும் தொகையீட்டையும் தமிழில் நன்றாக அறிந்த மாணவர், அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் எழுதப்படுவதைப் பார்த்த கணத்திலேயே அவற்றின் உச்சரிப்பையும் கேட்டுவிடுகிறார். பாடம் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் முழுக் கவனத்தையும் மொழியில் செலுத்த முடிகிறது. படங்களின் அழகை எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

அந்த அழகுக்கு 2012 இல் தொடங்கப்பட்ட டெட்-எட் இருக்கிறது. வரலாறு, உயிரியல், தத்துவம் போன்றவற்றைச் சுமார் ஐந்து நிமிட அசைவூட்டப் படங்களில் சொல்கிறது; பொது அறிவுக்கு மிகவும் நல்லது. ஆனால், ஆங்கிலம் கற்பதற்கு அதை நான் இரண்டாம் படியிலேயே வைப்பேன். வேகமாக நகரும் படங்களே கதையைச் சொல்லிவிடுவதால், வசனம் விளங்காமலேயே எல்லாம் விளங்கியதுபோன்ற மயக்கம் உண்டாகிறது. சிலவற்றுக்குத் தமிழ் உபதலைப்பும் உண்டு. அதை நிறுத்தி வைத்துப் பார்ப்பதே பயன் தரும்.

மிகவும் தொடக்க நிலையில் உள்ளோருக்கு வாய்ஸ் ஒவ் அமெரிக்கா 1959 இல் ஆரம்பித்த எளிய ஆங்கில ஒலிபரப்பின் பழைய பதிவுகள் பொருந்தும். ஏறக்குறைய 1500 சொற்களுக்குள், சிறிய வாக்கியங்களில், வேகம் குறைத்து வாசிக்கப்பட்ட செய்திகள் அவை. அந்நிறுவனத்தின் பணிகள் 2025 மார்ச்சில் பெரும்பாலும் முடங்கியதால் புதியவற்றை எதிர்பார்த்திருப்பதில் அர்த்தமில்லை. முப்பது நாளில் சரளமாகப் பேசவைப்பதாக அறிவிக்கும் தமிழ் யூடியூப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அவற்றில் நாம் கேட்பதில் பெரும்பகுதி தமிழ்தான்.

டேட்டாச் செலவைக் கருதினாலும் ஒலிப்பதிவே மேல். ஆறு நிமிட எம்.பி.3 கோப்பு வழக்கமான தரத்தில் 6 மெகாபைட்டுக்குள் அடங்கும். வீட்டிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது தரவிறக்கிக்கொண்டால், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ் பயணத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பலமுறை கேட்கலாம். இவற்றுள் எதுவும் நம்மைப் பேசவைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் சிக்ஸ் மினிட் இங்கிலிஷை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடியே உரக்கத் திரும்பச் சொன்னால் அக்குறையில் ஒரு பகுதி நீங்கும். அதற்கு மட்டும் பஸ் தோதான இடமன்று.