செல்ஃப் எடுக்காத அவுட்போர்டு: பல்பா, மீட்டரா, நேரடி ஒயரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பட்டறைகளில் கார், டிராக்டர் செல்ஃப் பார்த்துப் பழகிய கைக்குத் தொண்டிக் கடற்கரையின் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும்) எஞ்சின் புதிதல்ல. அதே 12 வோல்ட் பேட்டரி, அதே ரிலே (சாவியின் சிறிய கரண்டைக் கொண்டு செல்ஃபின் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்), அதே கார்பன் பிரஷ், அதே பெண்டிக்ஸ் (செல்ஃபை ஃபிளைவீல் பல்லோடு கோக்கும் பல்சக்கரம்). கூடுதலாக இருப்பது உப்புக்காற்று. காரில் ஐந்து வருஷம் தாங்கும் ஒரு லக்ஸ் (கேபிள் முனையில் போல்ட்டுக்கு மாட்டும் உலோகக் காது), படகில் ஒரே வருஷத்தில் உள்ளுக்குள் பச்சை பூத்துவிடும். அதனால்தான் படகில் பழுது தேடும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் எஞ்சின் என்ன செய்கிறது என்று பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) கிளிப், பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போங்கள். இந்த அலசல் அதற்கில்லை. சத்தமே இல்லையா, 'டக்' என்று ஒரு தட்டு மட்டும் கேட்கிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இந்த மூன்றும்தான் இங்கே பேச்சு. இதற்குப் பட்டறையில் மூன்று வழி உண்டு: டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், ரிலேயைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுப்பது. மூன்றில் எது சிறந்தது என்பதைவிட, எந்த ஒயருக்கு எது என்பதுதான் கேள்வி.

சத்தமே இல்லாத எஞ்சினுக்கு எங்கள் ஓட்டு டெஸ்ட் லாம்ப்புக்குத்தான். ஆனால் கடையில் விற்கும் எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு மீட்டர் ஒயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், மறு முனையில் ஊசி போதும். அந்தப் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். உள்ளே அரித்துப் பட்டும் படாமலும் இருக்கும் ஒயர் அந்தச் சுமையைத் தாங்காமல் பல்பை மங்கலாக்கிவிடும். மல்டிமீட்டரோ கரண்டே இழுக்காததால், அதே ஒயரில் 12.4 என்று காட்டி நம்மை அலைய விடும்.

கிளிப்பை எஞ்சின் எர்த்தில் மாட்டுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ரிலேயின் சிறிய ஒயரில் (யமஹாவில் பிரவுன் நிறம்) ஊசியை வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தும் ரிலே தட்டவில்லை என்றால், ரிலே காயில் போயிருக்கும் அல்லது காயிலின் எர்த் ஒயர் விட்டிருக்கும். பல்பு எரியவே இல்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: பியூஸ், பல முனை பிளக், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச். நியூட்ரல் சுவிட்சைச் சந்தேகித்தால், சாவியைப் பிடித்தபடி கியர் லீவரை லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஏதோ ஓரிடத்தில் பல்பு மினுக்கினால் பழுது அங்கேதான். ஒன்று மட்டும் கவனம்: இ.எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சினில் இ.சி.யூ.வுக்கு, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்குப் போகும் ஒயர்களில் இந்தப் பல்பை வைக்கவே கூடாது.

'டக்' சத்தத்துக்கும் இழுவைக்கும் பல்பு உதவாது. கணக்குப் போட்டாலே தெரியும். பச்சை பூத்த ஒரு லக்ஸில் 0.05 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். பல்பின் 1.75 ஆம்பியருக்கு அது 0.09 வோல்ட்தான் தின்னும். பல்பு பளிச்சென்றே எரியும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் கேட்கும்போது அதே லக்ஸ் 5 வோல்ட்டை விழுங்கிவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவது பாதி. தடித்த கேபிளில் மல்டிமீட்டரை மிஞ்ச எதுவுமில்லை, ஆனால் சாவி திருப்பியிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும் கேபிளில் எடுத்த அளவை நம்பி செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய வீண்செலவு.

எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க கில் கிளிப்பை எடுத்துவிடுங்கள். முதலில் பேட்டரி: சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. அடுத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில், கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள். கருப்பு முனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். இப்போது மீட்டர் 12 காட்டும். பயப்பட வேண்டாம், ரிலே திறந்திருப்பதால் அப்படித்தான் காட்டும். சாவியைத் திருப்பியதும் அது 0.5-க்குள் இறங்க வேண்டும். ரிலே தட்டியும் 12-லேயே நின்றால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகிவிட்டது. 1, 2 என்று காட்டினால், ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவிலும் ஒவ்வொரு லக்ஸிலும் தனித்தனியாக வைத்துத் தேடுங்கள்; ரிலேயில் 0.3-க்கு மேல் போகக்கூடாது. பிறகு எர்த் பக்கம்: பேட்டரி மைனஸ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டார் பாடிக்கும் நடுவே, இதுவும் 0.3-க்குள். பலர் பிளஸ் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கடற்கரையில் பாதிப் பழுது எர்த் கேபிளில்தான் இருக்கும்.

இரண்டு பக்கமும் சரி, மோட்டார் போல்ட்டில் 12-க்கு மேல் வருகிறது, ஆனாலும் அசைவில்லை, பேட்டரியும் இறங்கவில்லை என்றால் கரண்டே ஓடவில்லை: பிரஷ் தேய்ந்திருக்கும். மாறாக பேட்டரி 7, 8-க்குச் சரிந்தால், நல்ல பேட்டரி ஒன்றை வைத்துப் பாருங்கள். அதுவும் சரிந்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) ஷார்ட், அல்லது எஞ்சினே இறுகியிருக்கிறது. ஃபிளைவீலைக் கையால் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு செல்ஃப் கரண்டை அளக்கப் போகாதீர்கள். அதற்கு கேபிளைச் சுற்றிக் கவ்வி அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர் வேண்டும்.

மூன்றாவது வழி, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டில் ஸ்பேனரைக் குறுக்கே வைப்பது. ஒரே நொடியில் பதில் கிடைக்கும்: மோட்டார் சுற்றினால் பேட்டரியும் கேபிளும் மோட்டாரும் நலம், ரிலேயிலோ சாவிப் பக்கமோ பழுது. கடலுக்கு நடுவே கரை சேர வேறு வழியில்லாதபோது இதைக் குறை சொல்ல மாட்டோம். பட்டறையில் இது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி நிற்கும் கவருக்குள் பொறி பறக்கும். நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிவிடுவதால் கியரில் இருந்தாலும் செல்ஃப் எடுக்கும், புரொப்பெல்லர் சுற்றும். இதே சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யலாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு புஷ் பட்டன் கட்டி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ரிலேயின் சிறிய முனைக்குக் கொடுங்கள். பொறி பறக்காது, கையும் தள்ளியிருக்கும். இதிலும் நியூட்ரல் பாதுகாப்பு கிடையாது. அதனால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். எந்தச் சோதனையிலும் செல்ஃபை ஒரு மூச்சில் 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

இந்த மூன்றும் இல்லாமல் பேட்டரி, ரிலே, மோட்டார் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. பழைய லக்ஸைக் கழற்றி இறுக்கும்போதே பழுது தற்காலிகமாகத் தீர்ந்துவிடுவதால், புதிதாகப் போட்ட பொருள்தான் காரணம் என்று தோன்றிவிடும். இரண்டு மாதத்தில் அதே 'டக்'.

அரிமானம், பேட்டரி முதலான மின்வேதியியலை ஆராய 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊர்ப் பட்டறையிலிருந்து போகும் கேபிள் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். விலை குறைவென்று செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளை வாங்கினால், உப்பில் அது பொடியாகிவிடும். லக்ஸை கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கிப் பிடித்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். பேட்டரி முனையில் காதுள்ள நட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, நைலான் லாக் நட்டு போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். அலையின் அதிர்வில் காது நட்டு தளரும், எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பு விட்டுப்போனால் பேட்டரியை சார்ஜ் செய்ய ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரும் சேர்ந்து போகும். வேலை முடிந்ததும் பிளஸ், எர்த் இரண்டு பக்க அளவையும் மறுபடி எடுத்து, தேதியோடு எஞ்சின் கவரின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.