த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்: பழைய பிரதி வாங்குவோருக்கு

ஆர்தர் சி. கிளார்க் என்றால் பலருக்கு விண்வெளிக் கதைதான் ஞாபகம். திருகோணமலை வாசகர் முதலில் தேட வேண்டியது 1957 இல் வந்த இந்தக் கடல் நூலை. தப்ரபேன் என்பது இலங்கையின் பழைய கிரேக்கப் பெயர். முந்திய வருடம் அவரும் சுழியோடி நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி, கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்ட செய்தி இதில் உண்டு.

அதே 1956 இல் லண்டன் மேடையில் ‘கோபக்கார இளைஞர்கள்’ எனப்பட்ட புது எழுத்தாளர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பிந்திய ஆங்கில இலக்கியம் என்று எழுதுவோர் அவர்களையும் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங்கையும் விரிவாகப் பேசிவிட்டு, கிளார்க்கை அறிவியல் புனைகதைத் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாதி நியாயம்தான். அவருடைய மாந்தருக்குச் சதை குறைவு, சைல்ட்ஹூட்ஸ் எண்ட் (1953) நாவலில்கூட ஆட்களைவிட எண்ணம்தான் நிற்கிறது. ஆனால் போர்க்காலத்தில் ராடாரில் வேலை செய்து, 1945 இல் செய்மதித் தொடர்பாடலைக் கணக்குப் போட்டு எழுதியவர் அவர். அந்த அளந்து பார்க்கும் கண்ணே அவருடைய நடை. கடலுக்குள் அது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே மாந்தர் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

கோயில் வரலாற்றுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். 1622 இல் போர்த்துக்கேயர் இடித்ததற்கு முந்திய நிலையை அறிய கோணேசர் கல்வெட்டு என்ற பழைய தமிழ் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

பழைய பிரதியில் முதலில் படப் பக்கங்களை எண்ணுங்கள். யாராவது போட்டோவுக்காக வெட்டி எடுத்திருந்தால் தையலோரம் சிறு தாள்நறுக்கு நிற்கும். அடுத்தது ஈரம். மினுக்குத் தாளின் மேற்பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இழுத்துப் பிரித்தால் படம் உரிந்து வரும், அப்படிப்பட்ட பிரதியை விட்டுவிடுங்கள். பழுப்புப் புள்ளி பரவாயில்லை. தொட்டால் தூளாக வரும் பூஞ்சணம் என்றால் மற்றப் புத்தகங்களோடு வைக்கக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெயிலில் போடாதீர்கள், அட்டை வளையும். நிழலில், ஃபேன் காற்றில், விசிறிபோல விரித்து நிறுத்தி இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரம் போகுமுன் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பூக்கும். வாடைக்காற்று மழைக்காலம் தொடங்கியபின் வாங்கினால் உலர இன்னும் நாளெடுக்கும்.

படம் குறைந்த பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். நாவல்களுக்கு அவசரமில்லை, அவற்றுக்குப் புது அச்சு கிடைக்கும்.